மாவுப் பட்டாளத்தாரின் மெடல்கள்

என் அக்காவைக் கட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டு வந்த அன்று, அத்தானிடம் எங்கள் அப்பா கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இதுவரைக்கும் எத்தனை பேரைச் சுட்டிருக்கீங்க?" என்பதுதான்.

அப்பா ரயில்வேயில் கொடி காட்டுகிறவர். பச்சை, சிவப்பு இரண்டைத் தவிர உலகத்தில் வேறு நிறமே இல்லை என்பதுபோல, எதையும் சரி, இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பட்டாளத்துக்காரன் பெண் கேட்டு வருகிறான் என்றதும் மனிதர் நிலைகொள்ளவில்லை. காலையிலேயே சவரம் செய்துகொண்டு, யூனிபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாரையும் சுடலீங்க" என்றார் அத்தான்.

"சரி, சுடுற இடத்துலயாவது நின்னிருப்பீங்க இல்ல?"

"கிடங்குல நிக்கிறேங்க. பட்டாளத்துக்குப் போற மாவு, சர்க்கரை, உப்பு, குதிரைத் தீவனம், மண்ணெண்ணெய் எல்லாம் என் கை வழியாத்தான் போகுது."

அப்பாவின் முகத்தில் சிவப்புக் கொடி ஏறிவிட்டது. நான் ஜன்னல் ஓரமாக நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். கடைத்தெருவில் தையல் கடை போட்டிருந்த எனக்கு, வந்தவரின் தோளகலம் மட்டும்தான் கண்ணில் பட்டது. சட்டை தைத்தால் துணி கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் உடம்பு.

அதற்குள் அக்காவே கூடத்துக்கு வந்துவிட்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். காரியம் அதைவிட நீளம்.

"அப்பா, ஆளைச் சுட்டுட்டு வர்றவனைக் கட்டிக்கிட்டா நான் ராத்திரி நிம்மதியாத் தூங்க முடியுமா? இவர் நாலு பேருக்குச் சாப்பாடு போடுறவர். எனக்கு இவரே போதும்" என்றாள்.

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நாலு பேர் இல்லீங்க, நாலாயிரம் பேர்" என்று திருத்தினார். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

அவர் பட்டாளத்தில் சேர்ந்த கதையும் வேடிக்கைதான். பீரங்கிப் படையில் சேரத்தான் போயிருக்கிறார். ஆள் எடுக்கிற இடத்தில் ஒரு மூட்டை சரிந்து விழப்போயிருக்கிறது. வரிசையில் நின்ற இவர் சும்மா இராமல் ஓடிப்போய் முதுகைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து, அதோடு விடாமல், அடுக்கே தப்பு என்று மொத்த மூட்டைகளையும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்கிக் காட்டியிருக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார அதிகாரி இவர் பெயருக்கு நேரே பீரங்கி என்பதை அடித்துவிட்டுக் கிடங்கு என்று எழுதிவிட்டார். "முதுகைக் கொடுத்தேன் மாப்ளே, முப்பது வருஷத்துக்கு அதிலேயே ஏத்திட்டான்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

முதல் மெடல் ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் வந்தது. எங்கோ ஒரு மலைநாட்டுச் சண்டையில் பட்டாளத்தோடு இருந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தது. ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் ஒரு மலையும் கோட்டையும். விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் அத்தானின் பெயரும் நம்பரும் பொறித்திருந்தார்கள். அக்கா அதை எடுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாள்.

"கோட்டுல எந்த இடத்துல தைக்கணுமோ சரியாத் தைச்சுக் கொடு. கோணலா இருந்துச்சு, உன் கையை ஒடிச்சிடுவேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த முடிதிருத்துகிறவர் எட்டிப் பார்த்தார். ஊர்ச் செய்தி முழுக்க அவர் வாயில்தான் பிறக்கும். "மாவு மூட்டை தூக்குனதுக்கும் மெடல் குடுக்கிறானா? அப்போ எங்க வீட்டுக் கழுதைக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க தாயி" என்றார்.

"உங்க வீட்டுல எந்தக் கழுதைக்குன்னு தெளிவாச் சொல்லுங்க, அளவெடுக்கணும்" என்றாள் அக்கா. கடையே சிரித்தது. ஆனால் அன்றிலிருந்து அத்தானுக்கு ஊரில் 'மாவுப் பட்டாளம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் திரும்பிப் பார்த்து, "என்னங்க?" என்று கேட்பார். கூப்பிட்டவன்தான் அசடு வழிவான்.

அக்காவையும் கைக்குழந்தையாக இருந்த பெரிய மகளையும் பட்டாளத்துக் குடியிருப்பில் கொண்டுபோய் விட நான் ஒருமுறை போனேன். அப்போதுதான் அந்தக் கிடங்கைப் பார்த்தேன். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே நுழைந்ததும் மாவு வாசனையும் புதுக் கோணி வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. தரையில் மரச்சட்டங்கள் போட்டு, அதன்மேல் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடைவெளி. சுவரில் எந்த மூட்டையும் சாய்ந்திருக்கவில்லை.

"சுவத்துக்கும் மூட்டைக்கும் சேரவே சேராது மாப்ளே. சுவத்துல ஈரம் இருக்கும். அது பேசாம இருந்து ஆளைக் கவுக்கும்" என்றார் அத்தான். கை விரல்களை ஒரு மூட்டையின் அடிப்பக்கம் விட்டுத் தடவி, முகர்ந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். வாசலில் கொழுத்த பூனை ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "அதுவும் சம்பளத்து ஆளுதான். எலி பிடிக்கலைன்னா பால் கிடையாது" என்றார்.

அவருக்கு அப்போது சட்டைக்கையில் மூன்று பட்டை. சார்ஜண்ட். அவருக்கு மேலே ஒரு இளம் கேப்டன். தடித்த கண்ணாடி போட்டவர். கேப்டன் கணக்கில் புலி. இன்ன பாதையில் இத்தனை லாரி போனால் இன்ன நேரத்தில் சேரும் என்று காகிதமே இல்லாமல் சொல்வார். அத்தானுக்கு ஆட்களை வேலை வாங்கத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் அந்தக் கிடங்கு கடிகாரம்போல ஓடும். வெள்ளைக்காரரானாலும் அத்தானை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அத்தானும் அவரிடம் குழைந்து நின்று பார்த்ததில்லை.

அப்புறம் பெரிய சண்டை வந்தது. அக்கா இரண்டு மகள்களோடு ஊருக்குத் திரும்பி வந்துவிட்டாள். அத்தானையும் கண்ணாடிக் கேப்டனையும் கடல் தாண்டி எங்கேயோ அனுப்பிவிட்டார்கள். அங்கே எதிரி வேகமாக முன்னேறி வர, இவர்கள் பட்டாளம் பின்வாங்கத் தொடங்கியது. நான் இனிச் சொல்லப்போவது அத்தான் சொன்னதும், பிற்பாடு கேப்டன் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் வாயால் சொன்னதும்.

ஆற்றங்கரையில் ஒரு பெரிய கிடங்கு அவர்கள் பொறுப்பில் இருந்தது. ஆற்றைத் தாண்ட ஒரே பாலம். பட்டாளம் முழுக்க அதைத் தாண்டியதும் வெடி வைத்துத் தகர்த்துவிடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் கிடங்கை எரித்துவிட வேண்டும், ஒரு பிடி மாவுகூட எதிரி கையில் சிக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது.

உத்தரவு வந்தபோது அத்தான் வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாலை நிறைய ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். எதிரிக்குப் பயந்து ஊரைக் காலிசெய்துகொண்டு ஓடுகிறவர்கள். தலையில் மெத்தை, இடுப்பில் பிள்ளை, கையில் விளக்கு, கூண்டோடு கோழி. பெரியவர்களை முதுகில் தூக்கிக்கொண்டு போகிற மகன்கள். பிள்ளைகள் அழக்கூட வலுவில்லாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்களாம்.

அத்தான் மண்ணெண்ணெய் டின்னோடு கேப்டனிடம் போனார்.

"ஐயா, கொட்டகைக்குள்ள மலை மாதிரி மாவு இருக்கு. வெளியில பசியில ஜனம் போகுது. நான் எப்படிங்க தீக்குச்சி கிழிக்கிறது?"

கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு உத்தரவை மறுபடியும் படித்தார். "எரிக்கணும்னு இருக்கு, சார்ஜண்ட். பாலம் போறதுக்கு முன்னாடி எரிக்கணும். முன்னாடின்னா எப்பன்னு இதுல இல்ல" என்றார்.

அத்தானுக்கு அது போதுமாக இருந்தது.

கிடங்கின் இரண்டு பக்கக் கதவுகளையும் திறக்கச் சொன்னார். ஒரு பக்கம் வரவேண்டும், மறுபக்கம் போக வேண்டும். நடுவில் அவருடைய ஆட்கள். ஆனால் கதவு திறந்ததைப் பார்த்ததும் சாலையில் போன கூட்டம் அப்படியே மடை உடைந்ததுபோலத் திரும்பிவிட்டது. முன்னால் வந்தவர்கள் விழுந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் ஏறினார்கள். அத்தான் இரண்டு கையையும் விரித்துக் கத்துகிறார். அவர் பாஷை அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் பாஷை இவருக்குப் புரியவில்லை.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்மணி வந்தாள். ஆள் நல்ல வாட்டசாட்டம். தோளில் ஒரு தோல்பை. பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவச்சி என்று பிற்பாடு தெரிந்தது. அத்தான் அவளைப் பார்த்து, இரண்டு கையையும் தரையை நோக்கி அமுக்கிக் காட்டி, தானும் சப்பென்று மண்ணில் உட்கார்ந்தார்.

அவள் புரிந்துகொண்டாள். திரும்பி நின்று ஒரே ஒரு சத்தம் போட்டாள். பாதி ஊரை வெளியுலகத்துக்கு இழுத்துப் போட்டவள் ஆயிற்றே, அந்தக் குரலுக்கு அடங்காத ஆள் அந்தச் சாலையில் இல்லை. முன்வரிசை உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் இருந்ததும் உட்கார்ந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை சாலையில் ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நின்னுக்கிட்டு இருக்கிற கூட்டம்தான் நெரியும் மாப்ளே. உக்காந்துட்டா, பக்கத்துல இருக்கிறவன் முகம் தெரிய ஆரம்பிச்சிடும்" என்பார் அத்தான்.

தராசு வைத்து நிறுக்க நேரமில்லை. அத்தான் தலையிலிருந்த இரும்புத் தொப்பியைக் கழற்றி அதையே படியாக்கினார். கைக்குழந்தைக்காரிகள் முதலில். ஆளுக்கு ஒரு தொப்பி மாவு, இரண்டு பிடி சர்க்கரை, கொஞ்சம் உப்பு. வாங்கிக்கொள்ள அவர்களிடம் பாத்திரமா இருந்தது? சட்டையைக் கழற்றி விரித்தார்கள். தலையணை உறையை நீட்டினார்கள். ஒருவர் குடையைத் தலைகீழாகப் பிடித்தார். டின் பாலைத் திறக்கச் சாவி ஏதும் இல்லாததால் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தித் திறந்து கொடுத்தார்கள். பட்டாளத்தில் இருந்த காலம் முழுவதும் அத்தான் அந்தக் கத்தியை உபயோகித்தது அந்த ஒரு நாள்தான்.

மருத்துவச்சி அத்தானையே அதட்டத் தொடங்கிவிட்டாள். தொப்பி தலைதட்டி இருந்தால் விரலை ஆட்டி இன்னும் போடு என்பாள். ஒருவன் இரண்டாம் முறை வந்து நின்றபோது காதைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். "எனக்கு மேல ஒரு கேப்டன் இருக்கிறது போதாதுன்னு இவ வேற!" என்று அத்தான் சொல்லும்போதெல்லாம் அக்கா, "நல்லா வேணும்" என்பாள்.

வெயில் சாயும் நேரத்துக்குக் கிடங்கு பாதிக்குமேல் காலியாகிவிட்டது. அப்போதுதான் அந்த லாரிகள் வந்தன.

காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு கடைசியாக வந்த லாரிகள் அவை. முந்தின நாள் மழையில் பாலத்துக்கு ஏறுகிற சரிவு சேறாகிக் கிடந்தது. முதல் லாரி ஏறப் பார்த்தது, சக்கரம் சுற்றியது, அச்சுவரை இறங்கிவிட்டது. பின்னால் வந்ததெல்லாம் வரிசையாக நின்றுவிட்டது. உள்ளேயிருந்து முனகல் கேட்டது. எதிரியின் பீரங்கிச் சத்தம் கிட்டத்தில் கேட்கத் தொடங்கியிருந்தது. பாலத்தில் வெடி வைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் கையை ஆட்டிக் கத்தினார்கள்.

கேப்டன் சரிவைப் பார்த்தார். கிடங்கைப் பார்த்தார். "கோணி!" என்றார்.

அத்தானுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலையிலிருந்து கொட்டிக் காலி செய்த கோணிகள் கொட்டகையில் குவிந்து கிடந்தன. ஆட்கள் கைநிறைய அள்ளிக்கொண்டு ஓடினார்கள். சக்கரத்துக்கு முன்னால் கோணிமேல் கோணியாகப் போட்டுச் சரிவு முழுக்கப் பாய் விரித்ததுபோல விரித்தார்கள். ஆனால் லாரியைத் தள்ள ஆள் வேண்டுமே! கிடங்கில் இருந்தவர்கள் ஒரு கைப்பிடி.

அத்தான் மருத்துவச்சியைப் பார்த்தார். இந்த முறை அவர் கையைக் காட்டக்கூட இல்லை. அவள் எழுந்தாள், பாவாடையைத் தூக்கிச் செருகினாள், மறுபடி ஒரு சத்தம். சாலையில் உட்கார்ந்திருந்த ஆண்களும் பெண்களும் மாவு முடிச்சுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். சேற்றில் இறங்கி லாரியின் பின்னாலும் பக்கத்திலும் தோளைக் கொடுத்தார்கள். முதல் லாரி உறுமிக்கொண்டு கோணியைக் கவ்வி மேலே ஏறியது. அப்புறம் இரண்டாவது. ஒவ்வொன்றும் ஏறும்போது அந்த ஜனங்கள் போட்ட கூச்சலில் பீரங்கிச் சத்தம் அமுங்கிப்போயிற்று என்பார் அத்தான். கடைசி லாரியின் பின்பலகையில் மாவு படிந்த கைத்தடங்கள் வெள்ளை வெள்ளையாய்த் தெரிந்தனவாம்.

லாரிகளோடு ஜனங்களும் பாலத்தைத் தாண்டினார்கள். மிச்சம் கிடந்த மாவை ஆளாளுக்கு மூட்டையாகவே தூக்கிக்கொண்டார்கள். எல்லோரும் போன பிறகு அத்தான் திரும்பிப் போய்த் தீக்குச்சியைக் கிழித்தார். கூரையும் மரச்சட்டமும் மட்டும்தான் எரிந்தன. அவரும் கேப்டனும் ஓடிவந்து அக்கரை சேர்ந்ததும் பாலம் வெடித்து ஆற்றில் விழுந்தது. எதிரிக்குக் கிடைத்தது புகைதான்.

இதற்குப் பட்டாளம் கொடுத்த பரிசு, விசாரணை.

ராணுவச் சொத்தை அனுமதியில்லாமல் வெளியாட்களுக்குக் கொடுத்தது, உத்தரவை உடனே நிறைவேற்றாதது என்று இரண்டு குற்றம். விசாரித்தவர்கள் முன்னால் அத்தான், "கேப்டனுக்கு எதுவும் தெரியாதுங்க, நானாச் செஞ்சது" என்றார். கேப்டன் எழுந்து, "சார்ஜண்ட் செய்ததெல்லாம் என் உத்தரவின்பேரில்தான்" என்றார். இவர் சொன்னதை அவர் மறுக்க, அவர் சொன்னதை இவர் மறுக்க, விசாரித்தவர்கள் இரண்டு பேரையுமே நம்பாமல் இரண்டு பேருக்கும் தண்டனை கொடுத்துவிட்டார்கள். காயம்பட்டவர்களின் லாரி பற்றி இவர்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த லாரிகளில் வந்த படைப்பிரிவுக்குத் தலைவராக இருந்த மேஜர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாட்சி சொல்ல வேறு ஆளில்லை. கேப்டனை வேறெங்கோ தூக்கிப் போட்டார்கள். அத்தானின் மூன்று பட்டையையும் பிடுங்கிச் சாதாரணச் சிப்பாயாக்கி லீவில் அனுப்பினார்கள்.

அவர் ரயிலடியிலிருந்து நேரே என் கடைக்குத்தான் வந்தார். கோட்டின் கையில் பட்டை இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் கறுத்துத் தெரிந்தது. அறுத்த நூல் இன்னும் துருத்திக்கொண்டிருந்தது.

"மாப்ளே, அந்த நூலையாவது எடுத்துவிடு. உங்க அக்கா பார்த்தா மனசு சங்கடப்படுவா" என்றார்.

நான் ஊசியால் ஒவ்வொரு நூலாக உருவிக்கொண்டிருக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். ரயிலில் வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நின்று கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"என்ன தப்பு பண்ணீங்க?"

அவர் நடந்ததைச் சொன்னார். பெஞ்சில் வழக்கம்போல இருந்த முடிதிருத்துகிறவரும் கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவச்சி வந்த இடத்தில் அக்கா லேசாகச் சிரித்தாள். லாரி ஏறிய இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதை முடிந்ததும், "அவ்வளவுதானே? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

வீட்டுக்குப் போய், இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெண்களுக்கும் தலைவாரிவிட்டுத் திரும்பி வந்தாள். "கோட்டைப் போடுங்க. மெடலோடவே போடுங்க. நடங்க" என்றாள். கடைத்தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைகளிலிருந்து எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். யாராவது பட்டையைப் பற்றிக் கேட்டால், "ஊருக்கே சோறு போட்டாரு, அதுக்குக் கூலி" என்று உரக்கச் சொன்னாள்.

முடிதிருத்துகிறவர் எழுந்து நின்றுவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் கதை ஊர் முழுக்கப் பரவியது. அவர் வாயில் லாரிகளின் எண்ணிக்கை கொஞ்சம் கூடியிருந்தது. அதை யாரும் திருத்தவில்லை. மாவுப் பட்டாளம் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. சொல்கிற குரல்தான் மாறிவிட்டது. "எங்க ஊரு மாவுப் பட்டாளத்தாரு" என்று வெளியூர்க்காரர்களிடம் காட்டத் தொடங்கினார்கள்.

லீவு முடிந்து அத்தான் மூட்டை தூக்குகிற சிப்பாயாகத் திரும்பிப் போனார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பட்டாளம் இப்போது முன்னேறத் தொடங்கியிருந்தது. முன்னேறுகிற பட்டாளத்துக்குப் பின்வாங்குகிறதைவிடப் பசி அதிகம். காட்டுக்கு நடுவே புதுக் கிடங்குகள் போட வேண்டும். மழைக்காலம் வேறு. புதிதாக வந்த ஆட்கள் அடுக்கிய மூட்டைகளெல்லாம் ஈரத்தில் பூசணம் பூத்துப்போயின. அத்தான் இருந்த கொட்டகையில் மட்டும் மாவு உலர்ந்தே இருந்தது. பட்டை இல்லாவிட்டாலும் ஆட்கள் அவர் சொல்வதைத்தான் கேட்டார்கள். முதலில் ஒரு பட்டை வந்தது. அப்புறம் இன்னொன்று. முன்னணியில் இருந்தவர்களுக்கு ஒரு நாள்கூட ரொட்டி நிற்காமல் போனதற்காக ஒரு மெடலும் வந்தது. சண்டை முடிந்ததற்குப் பொதுவாகக் கொடுத்ததில் மேலும் இரண்டு. ஒவ்வொன்றும் வரும்போது நான் கோட்டின் மார்பில் இடம் ஒதுக்கித் தைத்தேன்.

மிச்சமிருந்தது நீண்டகாலச் சேவைக்கும் நன்னடத்தைக்கும் கொடுக்கிற மெடல். வெள்ளியில், சிவப்பு நாடாவில் வரும். சேவை நீளமாகத்தான் இருந்தது. நடத்தையில்தான் அந்த விசாரணைக் கறை. "அது நமக்கு இல்ல மாப்ளே, விடு" என்றார் அத்தான். ஆனால் அவர் மனசு அதில் இருந்தது எனக்குத் தெரியும். மற்ற மெடலெல்லாம் சண்டை நடந்ததற்குக் கொடுத்தது. இதுதான் அவர் வாழ்ந்ததற்குக் கொடுப்பது.

ஒரு நாள் அவருடைய முகாமுக்கு ஊன்றுகோலோடு ஒரு ஜெனரல் வந்தார். பக்கத்தில் இப்போது கர்னலாகிவிட்ட நம் கண்ணாடிக் கேப்டன். அத்தான் விறைத்து நின்றார். ஜெனரல் அவரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "கோணி விரிச்சவன் நீதானா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா."

"முதல் லாரியில கால் போய்க் கிடந்தது நான்தான். எனக்கு நினைவு வர்றதுக்கே மாசக்கணக்காச்சு. யார் தள்ளினான்னு கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆயிடுச்சு" என்றார் அந்த மேஜர். ஆமாம், ஜெனரலாகத் திரும்பி வந்தவர் அவரேதான்; கேப்டன்தான் விடாமல் தேடிப் பிடித்து அவரைக் கொண்டுவந்திருந்தார்.

விசாரணை மறுபடி திறந்தது. ஜெனரல் சாட்சி சொன்னார். பழைய தீர்ப்பை ரத்து செய்தார்கள். பிடுங்கிய பட்டை அன்றிலிருந்தே பிடுங்கவில்லை என்று ஆக்கினார்கள். அதற்கு மேலே சார்ஜண்ட் மேஜர் பதவி.

மெடல் கொடுக்கிற அன்று குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா, இரண்டு பெண்கள், அப்பா, நான் எல்லோரும் முன்வரிசை நாற்காலியில். மைதானத்தில் பட்டாளம் கோடு கிழித்ததுபோல நின்றது. பாண்டு வாசித்தார்கள். அத்தான் பெயரைக் கூப்பிட்டதும் அவர் நடந்து வந்தார். நான் தைத்த கோட்டு ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அந்த நிமிஷத்திலும் என் கண் அதைத்தான் முதலில் பார்த்தது. ஜெனரல் ஊன்றுகோலைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, ஒற்றைக்காலில் நின்று, இரண்டு கையாலும் மெடலைக் குத்தினார். குத்திவிட்டு, ஜெனரல் சார்ஜண்ட் மேஜருக்கு முதலில் சல்யூட் அடித்தார். அப்படி ஒரு வழக்கமே கிடையாதாம்.

அப்பா என் தொடையைப் பிடித்து இறுக்கினார். "யாரையும் சுடாமலேயே வாங்கிட்டான்டா!" என்றார். கண்ணில் தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

மதியம் சாப்பாட்டுக் கொட்டகையில் அத்தான் நுழைந்ததும், துப்பாக்கிப் படைச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கானவர்கள் தகரத் தட்டைக் கரண்டியால் தட்டத் தொடங்கினார்கள். கொட்டகையே அதிர்ந்தது. அதிகாரிகள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கண்ணாடிக் கர்னலும் ஒரு தட்டை எடுத்துத் தட்டினார். அத்தான் நடுவில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், "போதும்ப்பா, சாப்பாடு ஆறுது" என்றார். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அவர் ஓய்வு பெற்று வந்த கொஞ்ச காலத்தில் வெள்ளைக்காரன் போய்விட்டான், கொடி மாறிவிட்டது. "அந்த ராஜா தலையை இன்னுமா சட்டையில குத்திக்கிட்டுத் திரியிறீங்க?" என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். அத்தான் கோபப்படவில்லை. மெடலைத் திருப்பி விளிம்பைக் காட்டினார். "தலை அவருது தம்பி. பேரு என்னுது. தலை போயிடுச்சு, பேரு இருக்கு, பாருங்க" என்றார். பத்திரிகைக்காரர் குனிந்து அந்தப் பொடி எழுத்தை வாசித்துவிட்டு, மறுநாள் பத்திரிகையில் அதையே தலைப்பாகப் போட்டார். புது சர்க்கார் துறைமுகத்துத் தானியக் கிடங்குக்கு அவரைத் தேடி வந்ததும் அதைப் பார்த்துத்தான். அங்கேயும் உடம்பில் தெம்பு இருந்தவரை வேலை பார்த்தார்.

அவருடைய பெரிய மகள் படித்து, பெரிய ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்கின் பொறுப்பாளராக ஆனாள். சேர்ந்த மறுவாரமே அத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போனார். கோட்டு, மெடல்கள், ஷூவுக்குப் பாலிஷ், எல்லாம் மினுமினுக்க. வாசலில் வெள்ளை உடுப்பில் நின்ற மகள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அனுமதிச் சீட்டு இருக்காப்பா?"

"அடியே, நான் உங்கப்பன்."

"தெரியுது. சீட்டு இல்லாம உள்ள விட மாட்டேன். மாமா, நீங்களும்தான். ரெண்டு பேரும் அந்த பெஞ்சுல உக்காருங்க."

அத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு இடுக்கில் எட்டி எட்டிப் பார்த்தார். உள்ளே பெட்டிகள் சுவரைத் தொடாமல் அடுக்கியிருந்தன. அவர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எலும்பே நகர்ந்துவிட்டது.

"பார்த்தியா மாப்ளே," என்றார் முகமெல்லாம் பல்லாக, "என்னையே உள்ள விடல!"